டம்மி டக் செய்துகொள்ளும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

இரண்டு பிரசவத்துக்குப் பிறகு, எவ்வளவு உடற்பயிற்சி செய்தும் வயிறு உள்ளே போகவில்லை, டம்மி டக் என்கிற வயிற்றைச் சீராக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு சிசேரியனுக்குப் பிறகு 39 வயதில் நான் செய்துகொண்டேன். ஒன்றரை வருடம் ஆகிறது.

முதலில், உங்கள் தொப்பை எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். குடலைச் சுற்றி உள்ளே சேர்ந்த கொழுப்பு என்றால் இந்த அறுவை சிகிச்சை அதைத் தொடவே தொடாது. அது சாப்பாட்டாலும் நடையாலும்தான் குறையும். தொங்கும் தோலை வெட்டி எடுப்பது, கர்ப்பத்தில் நடுவே விலகிப்போன வயிற்றுத் தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைப்பது, இந்த இரண்டுதான் இதில் முக்கியமான வேலை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை லேசாகத் தூக்கிக்கொண்டு தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் தசை விலகியிருக்கலாம். அப்போதும் முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள், பலருக்குப் பயிற்சியிலேயே நன்றாகத் தேறிவிடும். எனக்கு நான்கு விரல் இறங்கியது, ஒரு வருடம் பயிற்சி செய்தும் பெரிதாக மாறவில்லை. பிரசவத்துக்குப் பிறகு அம்மா பழைய நூல் புடவையை வயிற்றில் இறுக்கிக் கட்டிவிட்டார். இடுப்புக்கு அது இதமாகத்தான் இருந்தது, ஆனால் விலகிய தசையைத் துணி சேர்த்துவிடாது. இது தெரியாமல், நான் ஒழுங்காகக் கட்டவில்லை என்று வெகுநாள் என்னையே நொந்துகொண்டேன். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்து "எத்தனை மாசம்மா?" என்று கேட்டால் வீடு வரும்வரை அழுகை வரும். உங்களுக்கும் இது புரியும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள், அடுத்த கர்ப்பத்தில் தைத்தது மறுபடி விலகலாம். எடை ஆறு மாதமாவது ஒரே அளவில் நின்றிருக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கருத்தடை மாத்திரை, ஆஸ்பிரின், நாட்டு மருந்து என எது எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சில மருந்துகள் ரத்தப்போக்கைக் கூட்டும், சில ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். சிகரெட், புகையிலைப் பழக்கம் இருந்தால் பல வாரம் முன்பே விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் தோலுக்கு ரத்தம் சரியாகப் போகாமல் காயம் ஆறாது.

டாக்டர் விஷயத்தில் கறாராக இருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. என்ற மேற்படிப்பு படித்தவரா, மயக்க மருந்து நிபுணரும் ஐ.சி.யு.வும் உள்ள இடமா என்று நேராகவே கேளுங்கள். நான் முதலில் போன ஓரிடத்தில் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ரேட் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டேன். அழகு சிகிச்சை என்று இன்சூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. கூடவே ஹெர்னியா (குடலிறக்கம்) இருந்தால் அந்தப் பகுதிக்காவது கிடைக்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு யாரும் போதுமான அளவு சொல்லாதது வீட்டுக்கு வந்த பிறகான நாட்களைப் பற்றித்தான். முதல் வாரம் கூனித்தான் நடக்க முடியும். நிமிர்ந்தால் தையல் இழுக்கும். முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை வைத்துச் சாய்ந்து தூங்க வேண்டும். பாயில் படுத்து எழுவதை மறந்துவிடுங்கள். வீட்டில் உட்காரும் கழிப்பறை இல்லையென்றால் அதற்கு முதலில் வழி செய்யுங்கள், குந்தி உட்காரவே முடியாது. வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும், முக்கினால் உயிர் போகும், அதனால் முதல் நாளிலிருந்தே அதற்கு மருந்து கேளுங்கள். உள்ளே சேரும் நீரை வடிக்க வயிற்றின் பக்கவாட்டில் டிரெயின் குழாய் வைத்தால் தினமும் வடிந்த அளவைக் குறிக்க வேண்டும். எனக்குக் குழாயை எடுத்த பிறகும் தோலுக்கடியில் நீர் கோத்து, இரண்டு முறை ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். அடிக்கடி நடப்பதுதானாம், ஆனால் முன்பே தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பயப்பட வேண்டியது வேறு: கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு திணறினாலோ காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அது வராமலிருக்கத்தான் கூனியாவது எழுந்து நடக்கச் சொல்கிறார்கள்.

ஆறு வாரம் கனமாக எதுவும் தூக்கக்கூடாது. குடம், சிலிண்டர் மட்டுமல்ல, பிள்ளையும்தான். என் சின்னவனுக்கு அப்போது நான்கு வயது. "தூக்கும்மா" என்று கை நீட்டுவான். தையல் வலியைவிட அதுதான் பெரிய வலி. அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, அவனையே ஏறிவந்து பக்கத்தில் படுக்கச் சொன்னேன். அந்த ஆறு வாரத்துக்கு உங்கள் வீட்டில் யார் சமைப்பது, யார் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது என்று முடிவாகாமல் தேதி வாங்காதீர்கள். என் அக்கா ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் இருந்தார்.

தழும்பு ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை நீளும், தொப்புளைச் சுற்றியும் ஒன்று இருக்கும். பழைய சிசேரியன் தழும்பு தடித்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், இதுவும் அப்படித் தடிக்கலாம். எனக்கு இன்னும் கருப்பாகத்தான் தெரிகிறது, கொசுவம் செருகும் இடத்துக்குக் கீழே மறைந்துவிடுகிறது. தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. அந்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது.