கொடைக்கானலின் சிறிய பிரெஞ்சு பேஸ்ட்ரி கடையில் முதல்முறை என்ன கேட்டு வாங்குவது?

கொடைக்கானலில் பிரெஞ்சு பாணிப் பேஸ்ட்ரி விற்கும் சிறு கடைகளுக்குப் போவது விலைக்குத் தகுமா, முதல்முறை போகிறவர் எதை வாங்க வேண்டும், ஊருக்கு எடுத்துச் செல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இவ்வூரின் நாயுடுபுரம் பகுதியில் குடியிருப்பவன்; அப்படியொரு கடைக்கு அடிக்கடி போய்வருகிறவன் என்ற அளவில் பதில் எழுதுகிறேன். கடையின் பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. சில மேசைகளே போட்டிருக்கும் இடத்துக்கு சீசன் கூட்டத்தை அனுப்பிவைத்தால், கடைக்காரரும் என்னை மன்னிக்க மாட்டார், எனக்கும் உட்கார இடம் கிடைக்காது.

காலையிலேயே போங்கள், பிறை வடிவ அடுக்கு ரொட்டியான குரோசானில் தொடங்குங்கள், வாங்கியதை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். இப்படிச் சொல்வதற்குக் காரணம் இந்த மலைதான்.

குரோசான் செய்வதற்கு ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த மாவுக்குள் வெண்ணெயைத் தகடாகத் தட்டி வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடித்து, குளிரவைத்து, மறுபடியும் தேய்த்து மடிக்கிறார்கள். மூன்று முறை இப்படி மடித்தால் 27 வெண்ணெய் அடுக்குகள் உருவாகின்றன. வெண்ணெய் கல்லாக இறுகியிருந்தால் தேய்க்கும்போது உடைந்து மாவைக் கிழிக்கும். இளகிவிட்டாலோ மாவோடு கலந்து அடுக்கே இல்லாமல் போய்விடும். ஏறத்தாழ 13 முதல் 16 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் அது வளைந்துகொடுக்கும். மதுரையிலோ சென்னையிலோ இதற்குக் குளிரூட்டிய அறை வேண்டும். சித்திரை வைகாசியிலும் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிற இவ்வூரில், விடியற்காலையில் சமையலறைச் சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே அடுக்குப் பண்டங்கள், அதாவது குரோசான், உள்ளே சாக்லேட் வைத்த பேன் ஓ ஷோகோலா, தகடுகளுக்கு நடுவில் கஸ்டர்ட் பூசிய மில்ஃபொய் ஆகியவை, இந்த மலையில் நன்றாகவே அமைகின்றன.

கேக் வகைகளில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் பெருமாள்மலையைத் தாண்டுவதற்குள் உப்பிவிடுவதைப் பேருந்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாவுக்குள் இருக்கும் வாயுவுக்கும் அதுவே நேர்கிறது. சமவெளி அளவின்படி பேக்கிங் பவுடர் போட்ட கேக், வெந்து இறுகுவதற்கு முன்பே எழும்பி, பிறகு நடுவில் குழிந்துவிடும். தண்ணீரும் இங்கே 93 டிகிரி அளவிலேயே கொதிப்பதால், சர்க்கரைப் பாகின் பதங்களும் ஏறத்தாழ 7 டிகிரி முன்னதாகவே வந்துவிடுகின்றன. முட்டை வெள்ளைக்கருவில் ஊற்றுவதற்கான பாகுக்குப் புத்தகத்தில் 118 டிகிரி என்று போட்டிருந்தால், இங்கே 111 டிகிரியிலேயே இறக்க வேண்டும். நான் போகும் கடையின் மாஸ்டரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "புத்தகத்துல போட்டிருக்கிறதெல்லாம் கீழ இருக்கிறவங்களுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பாகைக் கிளறப் போய்விட்டார். எனவே புதிய கடை ஒன்றில் நுழைந்தால், கிரீம் பூசாத சாதாரணக் கேக்கின் நடுப்பகுதியை ஒரு பார்வை பாருங்கள். அது குழியாமல் சமமாக இருந்தால் அந்தக் கடைக்காரருக்கு மலை பழகிவிட்டது என்று கொள்ளலாம்.

குரோசானின் நிறத்தைக் கண்டு தயங்க வேண்டாம். நம் பேக்கரிகளின் பன்னைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சற்றுக் கருகியதாகவே தோன்றும். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர், "தம்பி, இது தீஞ்சுபோச்சுப்பா, வேற எடு" என்றார். கவுன்டரில் இருந்த பையன், "தீயலைம்மா, அதான் பக்குவம்" என்று பொறுமையாகச் சொன்னான். அவன் சொன்னது சரி. அடர்ந்த பழுப்பு நிறம் வராத குரோசானின் உள்பகுதி பெரும்பாலும் பச்சை மாவாகவே இருக்கும். பிய்த்தால் மேலோடு பொடிப்பொடியாக உதிர வேண்டும், உள்ளே ஒழுங்கற்ற பெரிய கண்ணறைகள் தெரிய வேண்டும், விரலில் எண்ணெய் வழியக் கூடாது. வனஸ்பதியோ மார்ஜரினோ போட்ட பப்ஸைத் தின்றபின் அண்ணத்தில் மெழுகு போல ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். வெண்ணெய் உடல் சூட்டிலேயே உருகிவிடுவதால் நல்ல குரோசானில் அந்தப் படலம் இருக்காது. பப்ஸைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாலை நேரத்து முட்டை பப்ஸுக்கு நான் என்றும் அடிமை. விலையில் பல மடங்கு வேறுபாடு இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம் என்பதற்காகச் சொல்கிறேன்: மாவின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு வெண்ணெய், அதோடு பெரும்பாலும் முந்தின நாளே தொடங்கிவிடும் கைவேலை. குரோசானுக்குக் கொடுக்கும் பணம் என்னைப் பொறுத்தவரை தகும். நுரை போல மிருதுவான இனிப்பான சாக்லேட் மூஸுக்கு அதே விலையைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

"இது அசல் பிரெஞ்சுதானா" என்று சிலர் கேட்பதுண்டு. குரோசானே வியன்னாவின் பிறை வடிவ ரொட்டியிலிருந்து வந்ததுதான். 1830களின் இறுதியில் ஆகஸ்ட் ட்ஸாங் என்ற ஆஸ்திரியர் பாரிஸில் திறந்த வியன்னா பேக்கரி வழியாக அங்கே பரவியது. இங்கே பிரெஞ்சுத் தொடர்பு வேண்டுமென்றால் 1866இல் எழுந்த சலேத் மாதா கோயில் இருக்கிறது. பிரான்சின் லா சலேத் என்ற மலைக் கிராமத்தின் பெயரைக் கொண்டது. அதையும் பேஸ்ட்ரியையும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

ஆடி, ஆவணி வாக்கில் வந்தால் பேரிக்காய் டார்ட் (மாவுக் கிண்ணத்தில் பழம் வைத்துச் சுடும் பண்டம்) இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பாரிஸின் பூர்தலூ தெருவின் பெயரால் வழங்கும் இந்த டார்ட்டில், சர்க்கரைப் பாகில் வேகவைத்த பேரிக்காயை பாதாம், வெண்ணெய், முட்டை கலந்த விழுதின்மேல் அடுக்கிச் சுடுகிறார்கள். நம் மலைப் பேரிக்காய் பச்சையாகக் கடித்தால் மணல் போல நறநறக்கும்; பாகில் வெந்தபின் அந்தக் கடினமே அதற்கு நன்மையாகி, அடுப்பிலும் குழையாமல் நிற்கிறது. இறக்குமதிப் பழத்தில் செய்ததைவிட இதையே நான் விரும்புகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில், பாதாம் மாவும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்யும் மாக்கரோனைத் தவிர்ப்பது நல்லது. ஈரக் காற்றில் அதன் மேல்தோல் சரியாகக் காய்வதில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் வாங்குவதற்கு முன் விசாரிக்க வேண்டும். எக்லேரும் (உள்ளே கிரீம் நிரப்பிய நீளமான பண்டம்) மாக்கரோனும் முறைப்படி முட்டை சேர்த்தே செய்யப்படுபவை. குரோசான் மாவில் முட்டை இல்லாவிட்டாலும் மினுமினுப்புக்காக மேலே முட்டை பூசியிருப்பார்கள். மூஸ் வகைகளில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கக்கூடும். வெட்கப்படாமல் கேளுங்கள், நல்ல கடையில் மறைக்க மாட்டார்கள்.

ஊருக்கு எடுத்துப் போவதற்கு மாட்லென், ஃபினான்சியே போன்ற சிறு கேக்குகளும் வெண்ணெய் பிஸ்கட்டுகளும் ஏற்றவை. கிரீம் வைத்த எதையும் வாங்காதீர்கள். கொடை ரோடு ரயில் நிலையம் வரையிலான 80 கிலோமீட்டரில் கொண்டை ஊசி வளைவுகளும் கீழ்நாட்டு வெயிலும் சேர்ந்து அதை உருக்குலைத்துவிடும். குரோசானை எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், ஆறியபின் காகிதப் பையில் வாங்கிக்கொண்டு, வீட்டில் 160 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும்.