ஃபோர்க் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தூக்குக்குண்டு வாங்குங்க

(சேலம் சுத்துவட்டார வாசகர்களோட பைக் கேள்விகளும் பதிலும்)

அஸ்தம்பட்டி: என்ஃபீல்ட் கிளாசிக் 350-ல கேடிஎம் டியூக் 390 ஃபோர்க் (முன் வீலைப் பிடிக்கற ரெண்டு குழாய்) போடறேங்க. ஸ்டெம் (ஃபோர்க்கைத் திருப்பற நடுத்தண்டு) ஃப்ரேமோட நெக்குக்குள்ள போகல. என் பழைய ஸ்டெம்மை வெல்ட் வச்சுடலாங்களா?

வேண்டவே வேண்டாங்க. டியூக்கோட பாட்டம் டி (ரெண்டு குழாயையும் ஸ்டெம்மோட சேர்த்துப் பிடிக்கற கீழ்ப் பிடி) அலுமினியம், உங்க ஸ்டெம் இரும்பு. ரெண்டும் ஒட்டாது. உங்க நெக் உயரத்துக்கு, உங்க கோன் செட் (ஸ்டியரிங் பேரிங்) உட்காரற மாதிரி, இஎன்24 எஃகுல புது ஸ்டெம் கடைஞ்சு அந்த டி-யில பிரஸ் பண்ணணும். டி-யோட துளையை விட ஸ்டெம் 0.03 முதல் 0.05 மி.மீ. பெருசா இருக்கணும். டி-யை 150 டிகிரிக்குச் சூடாக்கி, ஸ்டெம்மை ராத்திரி ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா அழுத்தம் கம்மியாவே இறங்கும். லேத்துக்காரர்கிட்ட "டைட்டா"ன்னு வாயால சொல்லாதீங்க, மைக்ரோமீட்டர் அளவை எழுதிக் கொடுங்க.

அவரே: வீலும் 19-லிருந்து 17. வேற என்ன பாக்கணும்?

டிரெயில். பாதிப் பேர் கோட்டை விடறது இங்கதான். ஸ்டியரிங் அச்சை நேரா கீழே நீட்டினா தரையில ஒரு புள்ளி. ஆக்சிலிலிருந்து தூக்குக்குண்டு விட்டா அதுக்குப் பின்னாடி இன்னொரு புள்ளி. ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம்தான் டிரெயில். ஆளை உட்கார வச்சு, வண்டியை நிமிர்த்தி அளங்க. ரேக் (ஸ்டியரிங் அச்சோட சாய்வு) 26 டிகிரி, டயரோட ஆரம் 300, டி-யோட ஆஃப்செட் (ஸ்டெம்மிலிருந்து ஃபோர்க் குழாய் முன்னாடி தள்ளி நிக்கற தூரம்) 45 மி.மீ.ன்னா டிரெயில் ஏறக்குறைய 96. ஆஃப்செட் 10 குறைஞ்சா 11 கூடும். ஆரம் 30 குறைஞ்சா 15 குறையும். வீல் சின்னதானதும் முன்பக்கம் தாழும், ரேக்கும் செங்குத்தாகும், அதுல இன்னும் கொஞ்சம் போகும். ரொம்பக் குறைஞ்சா பெங்களூரு ரோட்டுல தொண்ணூறுல ஹேண்டில் உதறும். ரொம்பக் கூடினா ஏற்காடு ஏறும்போது இருபது கொண்டை ஊசியிலும் தோள் வலிக்கும்.

ஸ்பிரிங்கை உருவிட்டு ஃபோர்க்கை அடிவரைக்கும் அமுக்கியும் பாருங்க. டயர் மட்கார்டிலயோ பாட்டம் டி-யிலயோ இடிக்குதான்னு அப்பத்தான் தெரியும்.

ஏற்காடு: வளைவுல முழுசா ஒடிச்சா ஃபோர்க் டேங்கில இடிக்குது.

டியூக் டி-யோட ஸ்டாப் (ஹேண்டில் திரும்பறதை நிறுத்தற முட்டு) உங்க ஃப்ரேம் ஸ்டாப்புக்கு நேரா வராது. பாட்டம் டி-யில போல்ட் ஸ்டாப் வைங்க. டேங்குக்கு 5 மி.மீ. இடைவெளி விட்டு, ரெண்டு பக்கமும் ஒடிச்சு ஒயர் நசுங்குதான்னு பாருங்க.

ஓமலூர்: ஆக்சிலை டைட் பண்ணா வீல் சிக்குதுங்க. பிரேக் பேடுங்களா?

லூஸ் பண்ணதும் நல்லா சுத்துதுன்னா பேட் இல்லீங்க, ஹப் உள்ள ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல இருக்கற ஸ்பேசர் குழாய் குட்டை. டைட் பண்ணும்போது ரெண்டு பேரிங்கையும் உள்ளே இழுத்து நசுக்குது. அப்படியே ஓட்டினா பேரிங் சூடாகிப் போயிடும். ஸ்பேசர், பேரிங் உட்காரற ரெண்டு இருக்கைக்கு நடுவுல உள்ள தூரத்தை விட 0.1 மி.மீ. நீளமா இருக்கணும். மாட்டும்போது ஆக்சில் நட்டை முறுக்கி, ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கி விட்டுட்டு, கடைசியா ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கற பிஞ்ச் போல்ட்டை முறுக்குங்க.

ஆத்தூர்: ஆர்.சி. பிரச்சனை வருமா?

வரும். வண்டியில மாத்தம் பண்றதைப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படிச்சுட்டு ஆரம்பிங்க.

அம்மாபேட்டை: ஆக்சிலை ஸ்டெயின்லெஸ்ல கடையலாமா? துருப்பிடிக்காதே.

இரும்பாலை இருக்கற ஊருல இந்தக் கேள்வி வராம இருக்குமா! 304 ரக ஸ்டெயின்லெஸ் பளபளன்னு இருக்கும், ஆனா சுலபமா வளையும், நட்டும் மரையில கடிச்சுப் பிடிச்சுக்கும். இஎன்24 எடுத்து, ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்து, மேல ஜிங்க் பூசிக்குங்க.