தலைக்கட்டு வரி, கல்லறை வேலி, வார்டு தேர்தல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: எங்கள் போதகர் ஞாயிறு ஆராதனையில் ஒரு வேட்பாளர் பெயரைச் சொல்லி, "நம்ம ஆளுக்கே போடுங்க" என்றார். இது சரியா ஐயா? (மன்னார்குடி)

சரியில்லை. வழிபாட்டு இடங்களை அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1988-லேயே சட்டம் வந்துவிட்டது. மதத்தைச் சொல்லி வேட்பாளர் ஓட்டுக் கேட்பதும் தேர்தல் முறைகேடு. அது வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதற்கும் பொருந்தும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் என் வருத்தம் சட்டத்தைப் பற்றியது மட்டுமல்ல. அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவர் ஹரேந்திர குமார் முகர்ஜி ஒரு கிறிஸ்தவர். மதச் சிறுபான்மையினருக்குச் சட்டமன்றத்தில் தனி இட ஒதுக்கீடு வேண்டாம் என்று 1949-ல் தீர்மானம் கொண்டுவந்தவரே அவர்தான். மற்றவர்களை நம்பி அன்று எடுத்த முடிவு அது. 'நம்ம ஆள்' என்ற பேச்சு அந்த நம்பிக்கையைக் கெடுக்கிறது. ஓட்டுக்குப் பணம் வாங்காதே என்று போதகர் தாராளமாகப் பிரசங்கிக்கட்டும்.

கே: ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வசூல்) கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (திருத்துறைப்பூண்டி)

பூசைச் செலவுக்குக் கொடுக்க மனசாட்சி இடம் தரவில்லையென்றால் ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் போய்ப் பணிவாகச் சொல்லுங்கள். தண்ணீர்ப் பந்தலுக்கோ தெருவிளக்குக்கோ உங்கள் பங்கைக் கொடுத்துவிடுங்கள். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு எத்தனை இந்துக் குடும்பங்கள் நடந்தே வருகின்றன! தஞ்சையில் சித்த மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் 1912-லிருந்து தன் சொந்தச் செலவில் இசை மாநாடு கூட்டினார். தமிழிசை எல்லோருக்கும் பொது என்று நினைத்தவர் அவர்.

கே: நாங்கள் தலித் கிறிஸ்தவர்கள். கல்லறையில்கூட எங்களுக்குத் தனி இடம். நாட்டு நீதி பற்றிப் பேசச் சபைக்கு என்ன தகுதி? (கும்பகோணம்)

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் பேனாவை எடுக்க முடியவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஐப்பசி மழையில் ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு முள்வேலி. முன்வாசல் திறந்துதான் இருந்தது. ஆனாலும் பெட்டியைத் தூக்கியவர்கள் வாய்க்கால் கரையோடு சுற்றிக்கொண்டு போனார்கள். முழங்கால் வரை சேறு. இறந்துபோன அம்மாளின் மகன் ஒரு கையால் பெட்டியைப் பிடித்தபடி, மறு கையால் கருவேல முள்ளை விலக்கிக்கொண்டே நடந்தார். அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. அது என் பாவம்.

இது நேற்று வந்த நோய் அல்ல. ஆலயத்துக்குள் சாதி கூடாது என்று ஆயர் டேனியல் வில்சன் 1833-ல் உத்தரவு போட்டபோது தஞ்சையில் பலமான எதிர்ப்பு கிளம்பியது. இன்றும் நாம் உருகிப் பாடும் பாடல்களை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடியவர். பாடலை நேசிக்கலாம், இந்த வாதத்தை ஏற்க முடியாது.

அப்புறம், 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி உரிமை கிடையாது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. நமக்கு இல்லை. அதற்காகப் போராட வேண்டியதுதான். ஆனால் டெல்லிக்கு மனு எழுதுகிற கை முதலில் இந்த வேலியைப் பிடுங்கட்டும். சபைக் கமிட்டியில் எழுத்து மூலம் கேளுங்கள்: ஒரே வாசல், ஒரே வரிசை, இறந்த தேதிப்படி குழி. மறுத்தால் ஆயருக்கு எழுதுங்கள்.

கே: வார்டு உறுப்பினருக்கு நிற்கச் சொல்கிறார்கள். அரசியல் சாக்கடை என்கிறார் என் மாமியார். (மயிலாடுதுறை)

நில்லுங்கள் அம்மா. உங்கள் ஊரிலேயே முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் அச்சிட்டார். 1876-78 பஞ்சத்தில் தன் பொருளைக் கொடுத்துக் கஞ்சித்தொட்டி வைத்தார். சைவரான கோபாலகிருஷ்ண பாரதி அவரைப் புகழ்ந்து கீர்த்தனையே பாடினார். ஜெயித்தால் முதல் வேலை, ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் உங்கள் வார்டு வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுப்பது. கடைமடை வரை தண்ணீர் போகிறதா என்று நீங்களே கரையில் நடந்து போய்ப் பாருங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.