யாரும் சொல்லாத ஒன்பது

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கதைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். இந்தக் கடிதம் கதையைப் பற்றியது அல்ல. வேலைக்காலம் முழுவதும் புள்ளியியல் துறையில் இருந்தவர் என்று ஒரு கட்டுரையில் உங்களைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வணிகவியலில் முனைவர் பட்ட ஆய்வு. மல்லிகை விவசாயிகள் பூ விற்பதில் படும் சிரமங்கள்தான் தலைப்பு. 210 பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்கினேன். பாதிப் பேரை அவரவர் தோட்டத்திலும், மீதிப் பேரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைகளின் வாசலிலும் பார்த்தேன். நெறியாளர், "எஸ்.பி.எஸ்.எஸ். போட்டு நான்காம் அத்தியாயத்தை முடித்துக்கொண்டு வாருங்கள்" என்றார். அது புள்ளிவிவரக் கணக்குகளுக்கான கணினி மென்பொருள். நான் பிளஸ் டூவோடு கணக்கைக் கைகழுவியவள். சீனியர்கள் சொன்ன ஒரு கடையில் எட்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். பத்து நாளில் 64 பக்கம் வந்தது. பார்க்க அழகாக இருக்கிறது, படித்தால் ஒன்றும் புரியவில்லை. பல இடங்களில் பி மதிப்பு 0.000 என்று போட்டிருக்கிறது. பூஜ்யம் என்றால் தப்பே இல்லை என்று அர்த்தமா? வாய்மொழித் தேர்வில் கேட்டால் என்ன சொல்வேன்? 31 வயதில் இதை உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியுமா? அல்லது கடைக்காரரிடமே விளக்கம் எழுதி வாங்கி மனப்பாடம் செய்துவிடட்டுமா? நான்கு பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

க.
திருமங்கலம் வட்டம்

*

அன்புள்ள க.,

மனப்பாடம் வேண்டாம். ஏன் என்பது நீங்கள் அனுப்பிய மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது.

'என் பூவுக்குச் சந்தையில் நியாயமான விலை கிடைக்கிறது' என்பது உங்கள் பதினோராவது கேள்வி. சிறிதும் ஒப்பவில்லை என்றால் 1, முழுமையாக ஒப்புகிறேன் என்றால் 5. அந்தப் பக்கத்தில் சராசரி 3.69 என்று போட்டு, கீழே 'பெரும்பான்மை விவசாயிகள் விலையில் திருப்தி அடைந்துள்ளனர்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். சராசரிக்கு இரண்டு கட்டம் தள்ளிப் பாருங்கள். குறைந்த மதிப்பு 1, உச்ச மதிப்பு 9.

ஐந்து வரைதான் பதில் இருக்கிறது. ஒன்பது எங்கிருந்து வந்தது?

அடுத்த பக்கத்தில் யார் யார் என்ன சொன்னார்கள் என்ற எண்ணிக்கை இருக்கிறது. 1 சொன்னவர்கள் 28 பேர், 2 சொன்னவர்கள் 52, 3 சொன்னவர்கள் 45, 4 சொன்னவர்கள் 38, 5 சொன்னவர்கள் 17. மொத்தம் 180. மிச்சமுள்ள 30 பேருக்கு நேரே 9. அவர்கள் பதில் சொல்லாதவர்கள். தரவைத் தட்டச்சு செய்கிறவர்கள் வெற்றுக் கட்டத்தில் 9 அல்லது 99 போடுவது பழைய வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் போட்ட பிறகு, 'ஒன்பது என்பது பதில் இல்லை என்பதற்கான குறி, இதைக் கணக்கில் சேர்க்காதே' என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் மாறிகளை வரையறுக்கும் பக்கத்தில் 'மிஸ்ஸிங்' என்ற நெடுவரிசை அதற்காகவே இருக்கிறது. உங்கள் கடைக்காரர் அதை நிரப்பவில்லை.

ஒரு காகிதத்தை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். பதில் சொன்ன 180 பேரின் கூட்டுத்தொகை 504. வகுத்தால் 2.8. நடுப்புள்ளியான மூன்றுக்கும் கீழே. ஒப்பாதவர்கள் 80, ஒப்புகிறவர்கள் 55. இத்தோடு 30 ஒன்பதுகளைச் சேர்த்தால் 774. அதை 210-ஆல் வகுத்தால் 3.69. வாயைத் திறக்காத 30 பேர், திறந்து குறை சொன்ன 80 பேரை மூழ்கடித்துவிட்டார்கள். மௌனம் சம்மதம் என்று நம் ஊரில் சொல்வதுண்டு. இந்த அட்டவணையில் அது சம்மதத்தையும் தாண்டிவிட்டது. முழுத் திருப்தி என்று சொன்னவருக்கே ஐந்துதான், மௌனத்துக்கு ஒன்பது.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. குறைந்த மதிப்பு, உச்ச மதிப்பு, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பார்த்தேன், அவ்வளவுதான். இதை உங்களால் பிளஸ் டூ முடித்த மறுநாளே செய்திருக்க முடியும். 'எஸ்.பி.எஸ்.எஸ். போடுவது' என்ற பேச்சே எனக்கு ஒவ்வாது. ஊசி போடுவது, உரம் போடுவது போல, யாரோ வந்து போட்டுவிட்டுப் போனால் தானாகப் பலன் தெரியும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. கடைக்காரரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் உங்கள் விவசாயிகளைப் பார்த்ததில்லை, அவருக்கு 9 வெறும் எண். முறையியல் தாளை ஒரு பருவத்தில் ஒப்பேற்றிவிட்டு, அத்தியாயத்தை மட்டும் கேட்கிற ஏற்பாட்டின் மேல்தான் என் கோபம்.

இனி, அந்த 30 பேர் ஏன் பேசவில்லை? உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: 'கமிஷன் கடைகளின் வாசலில்.' கடை முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருக்க, அவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிற விவசாயி, விலை நியாயமில்லை என்று உங்கள் தாளில் டிக் அடிப்பாரா? என் ஊகம்தான். ஆனால் இதைச் சரிபார்க்க உங்களால் முடியும். கேள்வித்தாளில் எங்கே வைத்துக் கேட்டீர்கள் என்று குறித்திருந்தால், 30 பேரையும் தோட்டம், மார்க்கெட் என்று பிரித்து எண்ணிவிடலாம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் விட்டுவிடலாம். மார்க்கெட் பக்கமே குவிந்திருந்தால், அவர்களை ஒதுக்கிவிட்டு 2.8 என்று எழுதுவதும் முழு உண்மை ஆகாது. பேசியிருந்தால் அது இன்னும் கீழே போயிருக்கலாம்.

இடம் எண்ணை மாற்றும் என்பதை நான் வயலில் கற்றேன். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. ஒரு வட்டாரத்தின் நெல் விளைச்சலை மதிப்பிட, ஊர், சர்வே எண், வயலுக்குள் எந்த இடம் என்பது வரை எல்லாவற்றையும் சமவாய்ப்பு எண் அட்டவணையே சொல்லும். அந்த இடத்தில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடவேண்டும். மேலூர்ப் பக்கம் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, அந்த மூலையில் தண்ணீர் ஏறாது, கதிரே இல்லை. இங்கே வந்து கட்டு, ஊர் மானம் போகும்" என்றார். அடுத்த ஊரில் ஒருவர் நேர்மாறாக, நிவாரணம் வரும் என்று எண்ணி, சாவியான பக்கத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார். இருவருமே நல்ல மனிதர்கள். அட்டவணை சொன்ன இடத்தை விட்டு ஒரு எட்டு நகர்ந்திருந்தாலும் என் தாளில் விழுந்திருப்பது அவர்களுடைய விருப்பமாக இருந்திருக்கும்.

இப்போது உங்கள் 0.000. அது பூஜ்யம் அல்ல. மூன்று தசம இடங்களுக்கு மேல் மென்பொருள் காட்டவில்லை, அவ்வளவுதான். 0.0004-உம் 0.000 என்றே விழும். ஆய்வேட்டில் '0.001-க்கும் குறைவு' என்று எழுதுங்கள். ஆனால் எதன் அளவு அது?

எல்லா வீட்டிலும் ஓர் அத்தை இருப்பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் மதுரை மல்லி எது, சத்தியமங்கலத்து மல்லி எது என்று முகர்ந்தே சொல்வேன் என்பார். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அவருக்குப் பெருமை கூடிவிட்டது. எட்டுப் பொட்டலம் கட்டுங்கள், நான்கில் இது, நான்கில் அது. கலைத்து வைத்து, மதுரை நான்கையும் எடுக்கச் சொல்லுங்கள். எட்டில் நான்கை எடுக்க 70 வழிகள் உண்டு. அத்தைக்கு எந்தத் திறமையும் இல்லாமல் குருட்டாம்போக்கில் எடுத்தாலும், நான்கும் சரியாக அமைய 70-இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதாவது 0.014. இதுதான் பி மதிப்பு. மூன்றை மட்டும் சரியாக எடுத்தால்? அப்படி அமைய 16 வழிகள். நான்கும் சரியாகும் ஒரு வழியையும் சேர்த்தால் 70-இல் 17, சுமார் 0.24. நாலில் ஒரு தடவை யாருக்கும் வாய்த்துவிடும். அத்தையின் பேச்சை நம்ப அது போதாது.

சோதனை என்னுடையது அல்ல. பால் முதலில் ஊற்றியதா, தேநீர் முதலில் ஊற்றியதா என்று குடித்தே சொல்வேன் என்ற ஒரு பெண்மணியை வைத்து ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் எழுதியது. நான் கோப்பையை எடுத்துவிட்டுப் பூவை வைத்தேன்.

கவனியுங்கள்: 0.014 என்பது அத்தை கதை விடுவதற்கான வாய்ப்பு அல்ல. திறமையே இல்லை என்று வைத்துக்கொண்டால் இப்படி ஒரு முடிவு எவ்வளவு அபூர்வம் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் ஓர் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. ஆகவே குழம்புவதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. 0.05 என்ற எல்லையும் ஃபிஷர் 1925-இல் வசதியைக் கருதிச் சொன்னதுதான். நாம் அதை 35 மார்க் ஆக்கிவிட்டோம். 0.049 பாஸ், 0.051 ஃபெயில்.

உங்கள் இரண்டாம் பக்கத்தில் பள்ளிப் படிப்பு ஆண்டுகளுக்கும் வேளாண் அலுவலகத்துக்குப் போய்வந்த தடவைகளுக்கும் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு, உச்சம் 1) 0.15, பக்கத்தில் பி மதிப்பு 0.05-க்குக் கீழே என்பதற்கான ஒரு நட்சத்திரம், 'வலுவான தொடர்பு' என்று விளக்கம். 210 பேர் இருந்தால் 0.15-க்கே நட்சத்திரம் விழும். அந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கிப் பாருங்கள், 0.0225. போய்வரும் தடவைகளில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் நூற்றுக்கு இரண்டே சொச்சம்தான் படிப்போடு ஒட்டிப் போகிறது. 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல்லை 'முக்கியமான' என்று மொழிபெயர்த்ததில் வந்த வினை இது. தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாது என்பதற்கு மேல் அந்த நட்சத்திரத்துக்குப் பொருள் கிடையாது. அதே பக்கத்தில் 24 கை-வர்க்கச் சோதனைகள் (இரண்டு வகைப்பாடுகளுக்குள் தொடர்பு உண்டா என்று பார்ப்பவை) இருக்கின்றன, அவற்றில் இரண்டுக்கு நட்சத்திரம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 24 சோதனைகளைச் செய்தால், உலகத்தில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் ஒன்றாவது தேறிவிட 71 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த இரண்டை வைத்து மாளிகை கட்டாதீர்கள்.

கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டீர்கள். முதல் வாரம் கணினியைத் திறக்காதீர்கள். 20 கேள்வித்தாள்களை எடுத்து, ஒரு கோடு போட்ட நோட்டில் கையால் அட்டவணை போடுங்கள். சராசரி, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்), திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு) மூன்றையும் கையால் கணக்கிடுங்கள். கிலோ விலையைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து விலை ஏறிய நாளில் பதில் சொன்னவரும், பூ குவிந்து கிடந்த நாளில் பதில் சொன்னவரும் ஒரே நெடுவரிசையில் இருப்பார்கள். அங்கே சராசரி எப்படி ஏமாற்றுகிறது, இடைநிலை ஏன் அசையாமல் நிற்கிறது என்பதை உங்கள் விரலே சொல்லிக்கொடுக்கும்.

பாடத்துக்கு, தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளியியல் நூல்கள் தமிழிலேயே இருக்கின்றன. முதுகலை படித்தவர்கள் அதைக் கையில் எடுக்கக் கூச்சப்படுகிறார்கள், எடுங்கள். பிறகு ஜமோவி அல்லது ஜாஸ்ப். இரண்டும் இலவசப் புள்ளியியல் மென்பொருள்கள், சுட்டிச் சொடுக்கியே வேலை செய்யலாம். ஆர் என்ற நிரல்மொழி இன்னும் வலியது, ஆய்வேடு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கருதுகோளுக்கும் எண் இல்லாத வெற்று அட்டவணை ஒன்றை முதலில் வரைந்து, அதில் என்ன வந்தால் என்ன எழுதுவீர்கள் என்று பென்சிலில் குறித்துவிட்டுக் கணினிக்குப் போங்கள். குறிக்க முடியாத கருதுகோள்களை அடித்துவிடுங்கள். 24-இல் ஐந்தாறு தேறினால் அதிகம்.

ஒரு தகவல், உங்கள் மனம் தேறுவதற்காக. சராசரிகளை ஒப்பிட உதவும் டி சோதனையை உலகத்துக்குத் தந்த வில்லியம் கோஸெட் டப்ளினில் ஒரு மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். சொந்தப் பெயரில் எழுத ஆலை அனுமதிக்காததால் 1908-இல் புனைபெயரில் வெளியிட்டார். அந்தப் புனைபெயர் 'மாணவர்'.

கொடுத்த எட்டாயிரத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடவேண்டாம். கடைக்குப் போய்த் தரவுக் கோப்பை மட்டும் பென் டிரைவில் வாங்கி வாருங்கள். அச்சிட்ட 64 பக்கத்தை வைத்து எதையும் திருத்த முடியாது. 9 வேறு எத்தனை கேள்விகளில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நெறியாளரிடம் நீங்களே போய் மூன்றாம் பக்கத்தைக் காட்டிச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் வேறு யாராவது சொல்லி அவர் கேட்பதைவிட அது நல்லது.

அதற்கெல்லாம் முன்னால், இன்று இரவே, கட்டைப் பிரித்துப் பதினோராவது கேள்வி வெற்றாக இருக்கும் 30 தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றில் எத்தனை மார்க்கெட்டில் நிரப்பியவை? எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள்.