சிறுவயது ஆர்வம் மக்கள் தொடர்புத் துறையில் ஒருவரின் இலக்கைத் தீர்மானிக்குமா?

நிச்சயமாக. மக்கள் தொடர்புத் துறையின் முன்னோடி ஹரால்ட் பர்சனையே பாருங்கள். 1921இல் அமெரிக்காவில், மெம்ஃபிஸ் நகரில் பிறந்தவர். அப்பா செய்தித்தாளை வைத்தே அவருக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பத்திரிகைப் பைத்தியம் அவரை விடவே இல்லை. கல்லூரியில் படிக்கும்போதே நாளிதழுக்குச் செய்தி அனுப்பினார். அப்புறம் ராணுவ வானொலிக்காக இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாஜித் தலைவர்கள்மீது நடந்த நியூரம்பெர்க் விசாரணையைப் பற்றிச் செய்தி தந்தார். செய்தியாளர் எதைக் கேட்பார், எதை நம்பமாட்டார் என்பது இப்படித்தான் ஒருவருக்குள் ஊறும். பேச்சுத் திறமையைவிட இந்தத் தொழிலுக்கு அதுதான் முக்கியம் என்பேன்.

1953இல் பர்சன்-மார்ஸ்டெல்லர் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தைத் தொடங்கினார். 1982இல் டைலனால் என்ற வலி நிவாரண மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தார்கள். அந்த மாத்திரையை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் எதையும் மறைக்காமல் மக்களிடம் பேசி அந்த நெருக்கடியிலிருந்து மீண்டதில் பர்சன் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு.