திட்டினாரா, கூப்பிட்டாரா?

கேள்வி: நான் மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டதைச் சொல்ல நினைத்த என் மகன், ஆங்கிலக் கட்டுரையில் 'மை ஃபாதர் ஷௌட்டட் அட் மீ' என்று எழுதினான். 'அட்' தவறு, 'டு' என்று வர வேண்டும் என்று ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். இரண்டெழுத்துச் சொல்லுக்கு இத்தனை கெடுபிடியா? தமிழில் இந்தத் தொல்லை இல்லையே? பள்ளிக்கு நான் அனுப்பவிருக்கும் ஆங்கிலக் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன்.
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் மகன் எழுதியிருப்பதற்குப் பொருள், நீங்கள் அவனைத் திட்டினீர்கள் என்பதே. தொலைவில் இருப்பவருக்குக் கேட்கும்படி உரக்கக் கூப்பிடுவது 'ஷௌட் டு', ஒருவர்மேல் எரிந்து விழுவது 'ஷௌட் அட்'. மதிப்பெண்ணைக் குறைத்த ஆசிரியர் உங்கள் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார். நீங்களோ அவர்மீதே புகார் எழுதுகிறீர்கள்.

இப்படிப்பட்ட இடங்களில் 'அட்' என்பது குறி பார்க்கும் சொல். பந்தை ஒருவருக்கு 'டு' சேர்த்து எறிந்தால் அவர் பிடிப்பதற்காகப் போடுகிறோம், 'அட்' சேர்த்து எறிந்தால் அவர்மேல் படட்டும் என்றே எறிகிறோம். ஆனால் வைத்த குறி பட்டதா என்பதை அந்தச் சொல் சொல்லாது. 'ஷாட் த டைகர்' என்றால் குண்டு புலிமேல் பாய்ந்துவிட்டது. 'ஷாட் அட் த டைகர்' என்றால் புலியை நோக்கிச் சுட்டார்கள், பட்டும் இருக்கலாம், படாமலும் போயிருக்கலாம். இந்த 'அட்'டைக் கவனிக்காமல் 'புலியைச் சுட்டனர்' என்று மொழிபெயர்த்தால், காட்டுக்குள் உயிரோடு ஓடிய புலியைப் பத்திரிகை கொன்றுவிடும்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை என்கிறீர்கள். 'பணத்தைத் தம்பிக்குக் கொடுத்தேன்' என்பதும் 'பணத்தைத் தம்பியிடம் கொடுத்தேன்' என்பதும் ஒன்றா? முன்னதில் பணம் தம்பிக்கே சேர்ந்தது. பின்னதில் பணம் அவன் கைக்குப் போயிருக்கிறது என்பது மட்டுமே உறுதி, சேர வேண்டியவர் வேறு யாராகவும் இருக்கலாம். குடும்பத்தில் வழக்கு வந்தால் இந்த இரு உருபுகளுக்கு இடையில்தான் வக்கீல்கள் நிற்பார்கள். பெயர்ப்பொருளை வேறுபடுத்துவதால்தான் நம் இலக்கணத்தார் இதற்கு வேற்றுமை என்று பெயர் வைத்தனர். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று நன்னூல் வரிசைப்படுத்தும் உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு செய்யும் வேலையில் பெரும்பகுதியை, ஆங்கிலத்தில் பிரிபொசிஷன் பெயருக்கு முன்னால் தனித்து நின்று செய்கிறது. அதற்காக ஒன்றுக்கு ஒன்று என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய முடியாது. பெட்டியில் இருக்கும் புடவைக்கு 'இன்', சுவரில் மாட்டிய படத்துக்கு 'ஆன்', வாசலில் நிற்பவருக்கு 'அட்' என்று நம்முடைய ஒரே 'இல்' அங்கே மூன்றாகப் பிரிகிறது. நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்? நாளிதழ் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தபோது, ஒரு விலையுயர்வுச் செய்தியில் 'பை' என்றிருந்ததை 'டு' என்று படித்து, அதையே தலைப்பாகவும் போட்டவன் நான். 'ரோஸ் பை ஃபார்ட்டி ருபீஸ்' என்றால் 40 ரூபாய் உயர்ந்தது, 'ரோஸ் டு' என்றால் 40 ரூபாயாக உயர்ந்தது. 30 ரூபாய்ப் பொருள் 70 ரூபாய் ஆகியிருக்க, நாங்கள் 40 என்று அச்சிட்டோம். மறுநாள் திருத்தம் வெளியிட்டோம், ஆனால் திருத்தத்தை யார் படிக்கிறார்கள்? தமிழிலும் அந்த 30 ரூபாய் வேறுபாட்டைச் சுமப்பது 'ஆக' என்ற ஈரெழுத்துத்தான் என்பதைக் கவனியுங்கள்.

1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் ஆற்றிய உரையின் இறுதியில் வரும் 'ஆஃப் த பீப்பிள், பை த பீப்பிள், ஃபார் த பீப்பிள்' என்ற தொடரில் பெயர்ச்சொல் ஒன்றே, மாறுபவை முன்னால் நிற்கும் மூன்று சிறு சொற்களே. 'மக்களால்', 'மக்களுக்காக' என்ற இரண்டும் தமிழில் தடையின்றி வந்துவிடுகின்றன. 'ஆஃப்' மட்டும் இடறும், ஏனெனில் அது மக்களுடைய ஆட்சியா, மக்களை ஆளும் ஆட்சியா என்று ஆங்கிலம் அறிந்தவர்களே இரு விதமாகப் படிப்பதுண்டு. நாம் 'என் படம்' என்னும்போது, அது நான் வரைந்ததா, என்னை வரைந்ததா, நான் விலைக்கு வாங்கியதா என்று விளங்காமல் நிற்பதும் இத்தகையதே.

இனி, நீங்கள் இணைத்திருக்கும் கடிதம். 'வீ டிஸ்கஸ்டு அபௌட் திஸ்' என்பதில் 'அபௌட்' வேண்டாம். 'பற்றி' என்பது 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பொருள் கெடாது, படிப்பவர் கண்ணைத்தான் உறுத்தும். கடைசி வரி அப்படியல்ல. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்பது உங்கள் எண்ணம். 'ப்ளீஸ் ரிப்ளை அன்டில் ஃப்ரைடே' என்று நீங்கள் எழுதியிருப்பதோ, வெள்ளிக்கிழமை வரை பதில் எழுதிக்கொண்டே இருங்கள் என்று தலைமையாசிரியருக்கு இட்ட கட்டளையாக இருக்கிறது. 'பை ஃப்ரைடே' என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள், அனுப்பத்தான் வேண்டுமென்றால்.