கோசி வளைவுப் பாலத்துக்கே போங்கள்

இங்கிலாந்தின் நியூகாசிலில் கிடைக்கும் ஒரே நாளில், குதிரை இழுத்த பழைய நிலக்கரி வண்டிப்பாதையை எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்காமல் டர்ஹாம் பகுதியில் ஸ்டான்லிக்கு அருகிலுள்ள கோசி வளைவுக்குப் போங்கள். அப்படியொரு வண்டிப்பாதைக்காக ரால்ஃப் வுட் என்ற கொத்தனார் 1726-இல் கட்டி முடித்த கல் பாலம். நீராவி எஞ்சினே தண்டவாளம் ஏறாத காலம் அது!

அன்றைய தண்டவாளம் மரம். அசல் துண்டைத் தேடி அலையாதீர்கள். பாதையின் சரிவைக் கவனியுங்கள். நிலக்கரி வண்டி டைன் நதியை நோக்கி இறக்கத்தில் தானாக உருளும். ஒருவர் பிரேக்கைப் பிடித்திருப்பார், குதிரை பின்னால் நடந்து வரும்.

பாலத்தின் மேலே நின்றுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஓடைக்கரைக்கு இறங்கி அண்ணாந்து பார்த்தால்தான் சுமார் 30 மீட்டர் அகல வளைவின் பிரமாண்டம் புரியும். டான்ஃபீல்ட் என்ற பாரம்பரிய ரயில் ஓடும் நாளாகத் தேர்ந்தெடுத்தால், கோசி நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.